ஒன்பது கொடுங்கையூர் அளவு இடிபாடு: போர்க் குப்பை கடைசியில் யார் கைக்கு வருகிறது?

கொடுங்கையூர் குப்பைமேட்டைப் பார்க்காமல் வடசென்னையில் வளர்ந்தவர் யாரும் இருக்க முடியாது. திருவொற்றியூர், மணலி, ராயபுரம், தண்டையார்பேட்டை, மாதவரம் தொடங்கி அம்பத்தூர், அண்ணா நகர் வரைக்கும் உள்ள குப்பை பல வருஷமாக வந்து சேரும் இடம். அங்கே குவிந்து கிடக்கும் பழைய குப்பை மட்டும் சுமார் 66 லட்சம் டன் என்பது மாநகராட்சியின் கணக்கு. அதைச் சலித்துப் பிரித்து 252 ஏக்கரை மீட்க, சுமார் 640 கோடி ரூபாயில் பயோமைனிங் வேலை நடக்கிறது.

இந்த எண்ணை மனசில் வைத்துக்கொண்டு இன்னொரு எண்ணைப் பாருங்கள். காஸாவில் போர் விட்டுச்சென்ற இடிபாடு, 2025 அக்டோபர் வாக்கில் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு சொன்ன கணக்குப்படி, சுமார் 6.1 கோடி டன். அதாவது ஒன்பது கொடுங்கையூர். நாற்பது வருஷத்தில் சேர்ந்தது இல்லை. இரண்டே வருஷத்தில், சென்னை மாநகராட்சிப் பரப்பைவிடச் சின்ன ஒரு நிலத்தில்.

போர் பற்றிய செய்திகளில் நாம் ஏவுகணை வேகத்தைப் பார்க்கிறோம், விமானத்தின் விலையைப் பார்க்கிறோம், யார் ஜெயித்தார்கள் என்று கமென்ட்டில் சண்டை போடுகிறோம். போர் நின்ற மறுநாள் காலையில் அந்தக் குவியலை அள்ளப்போவது யார் என்ற கேள்வி மட்டும் ட்ரெண்டிங் ஆவதே இல்லை. அந்தக் கேள்வி நம்மூர்க் காயலான் கடை வாசல் வரைக்கும் வந்திருக்கிறது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

அந்த இடிபாட்டில் என்னதான் இருக்கிறது?

கட்டடம் இடிந்தால் கல், மணல், கம்பி. அவ்வளவுதானே? இல்லை. வீட்டுக்குள் இருந்த டிவி, பேட்டரி, டியூப் லைட், மருந்து, பெயின்ட் எல்லாம் அதில் இருக்கிறது. தொழிற்சாலை இடிந்திருந்தால் அதன் ரசாயனம், ஆஸ்பத்திரி இடிந்திருந்தால் அதன் மருத்துவக் கழிவு. மனித உடல்களும் இருக்கின்றன. காஸாவின் அகதி முகாம்களில் பழைய வீடுகளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை அதிகம். நம்மூர் ஷீட் வீடு மாதிரிதான். ஷீட் முழுசாக இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. நொறுங்கித் தூளானால் அதன் நார்கள் நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், புற்றுநோய் 20, 30 வருஷம் கழித்துத்தான் தலைகாட்டும். காஸாவில் 8 லட்சம் டன் இடிபாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம் என்று ஐ.நா. 2024-லேயே எச்சரித்தது.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று, வெடிக்காத குண்டுகள். வீசப்படும் குண்டுகளில் பத்தில் ஒன்றாவது வெடிக்காமல் போகும் என்பது கண்ணிவெடி அகற்றும் நிபுணர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. கொடுங்கையூரில் ஜேசிபி இறங்கி அள்ளுகிறது, சல்லடையில் போட்டுச் சுற்றுகிறது. காஸாவில் ஒவ்வொரு பக்கெட் மண்ணுக்கும் முன்னால் ஒருவர் போய்ப் பார்த்து 'அள்ளலாம்' என்று சொல்ல வேண்டும். 

வெடிக்காத குண்டு நாளடைவில் செத்துவிடும் என்று நினைப்பது தப்பு. முதல் உலகப்போர் முடிந்து 100 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பெல்ஜியத்திலும் வட பிரான்ஸிலும் விவசாயிகள் உழும்போது இன்றைக்கும் ஷெல்கள் கிளம்பி வருகின்றன. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'இரும்பு அறுவடை'. வருஷத்துக்கு 100 டன்னுக்கும் மேல் பெல்ஜியம் ராணுவமே சேகரித்து அழிக்கிறது. சிலவற்றில் விஷவாயு இன்னும் அப்படியே இருக்கிறது. நார்வே ஆராய்ச்சியாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கலவரப்படுத்துகிறது. இரண்டாம் உலகப்போர்க் குண்டுகளில் இருந்த அமடால் என்ற வெடிமருந்தைச் சோதித்துப் பார்த்தார்கள். வயசாக ஆக அது லேசான அடிக்கே வெடிக்கக்கூடியதாக மாறியிருந்தது.

"எங்கேயோ நடக்குற போர் தானே?"

இதைக் கேட்பவர்களுக்கு எம்டனை ஞாபகப்படுத்தலாம். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று 125-க்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டேங்குகள் பற்றி எரிந்தன. லட்சக்கணக்கான காலன் எண்ணெய் போனது. ஊரே பயந்து காலி ஆனது. உயர் நீதிமன்ற மதில் பக்கம் அதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. தமிழில் ஒரு வார்த்தையும் கிடைத்தது. கில்லாடியான ஆளை 'சரியான எம்டன்' என்கிறோம். அந்தப் பெயரில் ஒரு சினிமாவே எடுக்கப் பார்த்தார்கள்.

நாம் திரும்பத் திரும்பச் சொல்லும் இந்தக் கதையில் கேப்டன் இருக்கிறார், கப்பல் இருக்கிறது, ஓடிய மக்கள் இருக்கிறார்கள். எரியாத எண்ணெய் எங்கே வடிந்தது, கரையில் ஒதுங்கியதை யார் துடைத்தார்கள், அந்தக் கடலில் மறுநாள் வலை போட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பது கதையில் இல்லை. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளி வாளியாகக் கையால் அள்ளியதை நாம் பார்த்தோம். 1914-ல் வாளியாவது கிடைத்திருக்குமா?

சரி, அது பழைய கதை. புதுக் கதைக்கு வருவோம்.

2004 செப்டம்பர் 30. டெல்லியை ஒட்டிய காசியாபாத்தில் பூஷண் ஸ்டீல் ஆலை. வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய பழைய இரும்புக் குவியலில் பெரும் வெடிப்பு. 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். குவியலைக் கிளறியபோது உள்ளே ராக்கெட்டுகளும் ஷெல்களும் இருந்தன. சரக்கு வந்தது ஈரானின் துறைமுகம் வழியாக. ஈரான்–ஈராக் போர், 1991 வளைகுடாப் போர், 2003 படையெடுப்பு என்று அடுக்கடுக்காகப் போர் பார்த்த பகுதியின் இரும்பு அது. அடுத்த சில வாரங்களில் நாட்டின் பல துறைமுகங்களிலும் கன்டெய்னர் யார்டுகளிலும் ஆலைகளிலும் இதே மாதிரி சரக்கில் ஷெல்கள் வந்துகொண்டே இருந்தன. ராணுவத்தைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

அந்த 10 பேரும் ஈராக்கைப் பார்த்ததே இல்லை. எந்தப் படையிலும் இல்லை. சம்பளத்துக்கு இரும்பு பிரித்தவர்கள். ஆனால் அந்தப் போர்களில் இறந்தவர்கள் பட்டியல் என்று ஒன்றை நேர்மையாக எழுதினால் அவர்கள் பெயரும் அதில் வர வேண்டும். எந்தப் பட்டியலிலும் இல்லை.

இரும்பு எப்படிப் பயணிக்கிறது?

போர் முடிந்த நாட்டில் வேலை இருக்காது, காசு இருக்காது, இரும்பு மட்டும் நிறைய இருக்கும். உடைந்த டாங்கி, எரிந்த லாரி, வெடித்த ஷெல்லின் கூடு. வியட்நாம் போரின்போது அமெரிக்கா 20 லட்சம் டன்னுக்கும் மேல் குண்டு வீசிய லாவோஸில், மெட்டல் டிடெக்டரை எடுத்துக்கொண்டு பழைய இரும்பு தேடுவதே பல குடும்பங்களுக்குப் பிழைப்பாகிப்போனது. ஷெல்லில் இரும்பு மட்டுமில்லை. சுற்றியிருக்கும் வளையம் செம்பு, மூக்கில் இருக்கும் ஃபியூஸில் பித்தளை. கிலோவுக்கு எது அதிக விலை என்று காயலான் கடை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உயிரை எடுக்கும் பாகமும் காசு தரும் பாகமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான் இதில் கொடுமை.

அங்கிருந்து உள்ளூர் வியாபாரி, பெரிய வியாபாரி, இடைத்தரகர், துறைமுகம். ஒவ்வொரு கை மாறும்போதும் சரக்கு எங்கிருந்து வந்தது என்ற விவரம் கொஞ்சம் கொஞ்சமாக மறைகிறது. கடைசியில் கப்பல் பேப்பரில் 'பழைய இரும்பு, இத்தனை டன்' என்று மட்டும் இருக்கும். இந்தியா சமீப வருஷங்களில் ஆண்டுக்குச் சுமார் 1 கோடி டன் பழைய இரும்பை இறக்குமதி செய்கிறது. உருக்கு ஆலைக்கு அது தேவைதான். தாது வெட்டி எடுப்பதைவிட பழைய இரும்பை உருக்குவது சுற்றுச்சூழலுக்கும் நல்லது. அதனால் 'இறக்குமதியை நிறுத்து' என்பது சரியான தீர்வு இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பழைய இரும்பு இறக்க அனுமதிக்கப்பட்ட துறைமுகங்கள் பட்டியலில் சென்னையும் எண்ணூரும் இருக்கின்றன. இறங்கிய கன்டெய்னர் மணலி, திருவொற்றியூர், மாதவரம் பக்கமுள்ள கன்டெய்னர் நிலையங்களுக்குப் போகும். உருக்கும் ஆலைகள் நிறைய இருப்பது கும்மிடிப்பூண்டியில். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையிலும் மணலி சாலையிலும் ட்ரெய்லருக்குப் பின்னால் பைக்கில் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்திருப்பீர்களே, அந்தப் பெட்டிகளில் சில இவைதான்.

விதி என்ன, ஓட்டை எங்கே?

2004-க்குப் பிறகு விதிகள் கடுமையாகின. துண்டு துண்டாக நறுக்கப்படாத பழைய உலோகம் என்றால், கப்பலில் ஏற்றும் இடத்திலேயே ஒரு ஏஜென்சி பரிசோதித்து, 'இதில் ஆயுதம், வெடிபொருள், ஷெல், தோட்டா, கதிரியக்கப் பொருள் எதுவும் இல்லை' என்று சான்றிதழ் தர வேண்டும். அந்த ஏஜென்சிகளை மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் அங்கீகரிக்கிறது. குறிப்பிட்ட துறைமுகங்கள் வழியாகத்தான் வரலாம். துறைமுகத்தில் கதிரியக்கத்தைக் கண்டுபிடிக்கும் கருவியும் ஸ்கேனரும் வேண்டும்.

காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 20 டன்னுக்கும் மேல் இரும்பு அடைத்த ஒரு கன்டெய்னர். இரும்புக்கு நடுவே ஒரு இரும்பு ஷெல். ஸ்கேனர் படத்தில் அது பைப் மாதிரி தெரியுமா, ஷெல் மாதிரி தெரியுமா? கதிரியக்கக் கருவிக்கு வெடிமருந்து தெரியவே தெரியாது, அது அதன் வேலை இல்லை. ஆக எல்லாம் கடைசியில் எங்கேயோ ஒரு நாட்டில், சரக்கு ஏற்றும் யார்டில், ஒருவர் உண்மையிலேயே பெட்டியைத் திறந்து பார்த்தாரா என்பதில் வந்து நிற்கிறது. நேரில் பார்க்காமலே சான்றிதழ் கொடுத்ததாக ஏஜென்சிகள் மீது அந்த இயக்குநரகமே நடவடிக்கை எடுத்திருக்கிறது. சான்றிதழுக்குக் காசு கொடுப்பது யார்? சரக்கை அனுப்புகிறவர், அல்லது வாங்குகிறவர். சரக்கு நின்றுபோனால் நஷ்டம் யாருக்கோ, அவரிடமே கூலி வாங்கிக்கொண்டு சரக்கைச் சோதிக்கும் ஏற்பாடு இது. இது சரியாக நடந்தால்தான் ஆச்சரியம்.

அடுத்தது ஆலை வாசல். பெரிய ஆலையில் பிரிக்கும் இடம், பயிற்சி, மேற்பார்வை எல்லாம் இருக்கலாம். அங்கே கழித்துக் கட்டியதும், ஏலத்தில் போனதும், உள்ளூர்ச் சரக்கோடு கலந்ததும் சின்னச் சின்ன கடைகளுக்கு வரும். அங்கே ஒருவர் கேஸ் கட்டிங் டார்ச்சோடு உட்கார்ந்திருப்பார். கையுறை இருந்தால் அதிர்ஷ்டம். இரண்டு பக்கமும் மூடிய சிலிண்டர் எதுவானாலும் சூடானால் வெடிக்கும், அது சாதாரண ஷாக் அப்சார்பராக இருந்தாலும். அனுபவஸ்தர்களுக்கு அது தெரியும். ஆனால் துருப்பிடித்த மோர்ட்டார் ஷெல்லையும் பழைய பம்ப் பாகத்தையும் பிரித்துப் பார்க்க யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

கொடுங்கையூர் குப்பைமேட்டை ஒட்டி வாழ்பவர்களுக்கு இந்த ஏற்பாடு புதுசில்லை. மற்றவர்கள் தூக்கிப்போட்டதைக் கையால் பிரித்து, செம்பு, அலுமினியம், இரும்பு என்று தனித்தனியாக எடைக்குப் போடுவதுதான் அங்கே பலருடைய பிழைப்பு. பழைய குப்பையை ஒரு பக்கம் அகற்றும்போதே இன்னொரு பக்கம் குப்பை எரிக்கும் ஆலை வேண்டாம் என்று 2025-ல் தெருவில் இறங்கி மனிதச் சங்கிலி நின்றதும் அந்தப் பகுதி மக்கள்தான்.

மணலியில் ஒரு நாள் நமக்கே தெரிந்தது

2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகம் வெடித்தது நினைவிருக்கும். 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட், வருஷக்கணக்கில் குடோனில் கிடந்தது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வாரமே நம் ஊரில் ஒரு செய்தி வெளியானது. மணலியில் ஒரு கன்டெய்னர் நிலையத்தில், 37 பெட்டிகளில், சுமார் 700 டன் அதே பொருள், 2015-லிருந்து கிடக்கிறது. கரூர் நிறுவனம் ஒன்று இறக்குமதி செய்ததைச் சுங்கத்துறை பறிமுதல் செய்தது, வழக்கு நடந்தது, பெட்டிகள் அங்கேயே நின்றன. 2015 வெள்ளத்தையும் அவை அங்கேதான் பார்த்தன. பெய்ரூட் வெடித்த பிறகு சில நாட்களில் ஏலம் முடிந்து ஹைதராபாத்துக்குக் கிளம்பின.

அது போர்க் குப்பை இல்லை. ஆனால் மேலே நார்வே ஆய்வில் பார்த்த அமடால் எதனால் செய்தது தெரியுமா? டி.என்.டி-யும் அம்மோனியம் நைட்ரேட்டும் கலந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம், ஆபத்தான சரக்கு பிடிபட்ட பிறகும் அது 'வழக்குச் சொத்து' ஆகி, நம் வீடுகளுக்குப் பக்கத்தில் 5 வருஷம் உட்கார முடியும் என்பதுதான். வேறு நாட்டில் 200 பேர் செத்தால்தான் நம் ஊரில் ஃபைல் நகரும் என்றால் அதற்குப் பெயர் பாதுகாப்பு நடைமுறையா?

கடல் தாண்டினால் வன்னி

தமிழர்களுக்குப் போர்க் குப்பை பற்றிப் பாடம் எடுக்க லாவோஸ் வரை போக வேண்டியதில்லை. 2009 மே மாதம் இலங்கைப் போர் முடிந்தது. முகமாலை, கிளிநொச்சி, முல்லைத்தீவு மண்ணில் கண்ணிவெடி எடுக்கும் வேலை இன்னும் முடியவில்லை. இரு தரப்பும் மாறி மாறிப் புதைத்த முகமாலை, உலகிலேயே மிக நெருக்கமாகக் கண்ணிவெடி புதைக்கப்பட்ட இடங்களில் ஒன்று. இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதன்படி 2028 ஜூனுக்குள் எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும்.

அந்த மண்ணைச் சாண் சாணாகச் சுரண்டிப் பார்ப்பவர்களில் நிறையப் பேர் தமிழ்ப் பெண்கள். போரில் கணவரை இழந்து, குடும்பத்தைத் தனியாகச் சுமப்பவர்கள். கண்ணிவெடி எடுப்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த நிரந்தர சம்பள வேலை. இந்தியாவிலிருந்து முன்னாள் ராணுவத்தினர் நடத்தும் சர்வத்ரா, ஹொரைசன் அமைப்புகளும் அங்கே வேலை செய்திருக்கின்றன, இந்திய அரசின் பணத்தில். இந்த வேலைக்கு உலகம் முழுக்கப் பணம் கொடுப்பது பெரும்பாலும் சில பணக்கார நாடுகள். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியைத் திடீரென நிறுத்திவைத்தபோது பல நாடுகளில் இந்தக் குழுக்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு நிற்க வேண்டி வந்தது. மண்ணுக்குள் இருக்கும் வெடிக்கு அந்த அறிவிப்பு தெரியாது.

விவசாயம் பண்ண முடியாத வயல், மாடு மேய்க்க முடியாத காடு, ஷெல்லடியில் தலை போய் மொட்டையாக நின்ற பனைமரங்கள். 'சுற்றுச்சூழல் பாதிப்பு' என்ற வறட்டு வார்த்தைக்கு வன்னியில் இதுதான் அர்த்தம்.

நம் எல்லையும் விலக்கில்லை. 2025 மே மோதலுக்குப் பிறகு பூஞ்ச் பகுதி கிராமங்களில் வெடிக்காமல் கிடந்த ஷெல்களை ராணுவம் தேடித் தேடி அழித்தது. அப்படி இருந்தும் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் இந்தியா இன்றுவரை கையெழுத்திடவில்லை.

யார் காசு கொடுப்பது?

உலக வரலாற்றில், போரில் சுற்றுச்சூழலை நாசம் செய்ததற்காக ஒரு நாடு பெரிய அளவில் பணம் கட்டியது என்றால் அது ஈராக்தான். 1991-ல் குவைத்தை விட்டு வெளியேறும்போது ஈராக் படை 600-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளைக் கொளுத்தியது. கடைசிக் கிணறு அணைந்தது அந்த வருஷம் நவம்பர் 6. ஐ.நா. பாதுகாப்பு சபை, சுற்றுச்சூழல் சேதத்துக்கும் ஈராக்கே பொறுப்பு என்று தீர்மானம் போட்டது. தனி ஆணையம் அமைத்து மொத்தம் சுமார் 5,240 கோடி டாலர் இழப்பீடு வாங்கினார்கள். அதில் சுற்றுச்சூழல் கணக்கில் போனது 500 கோடி டாலருக்குக் கொஞ்சம் மேல். ஈராக் அந்தக் கடனை அடைத்து முடித்தது 2022-ல். 31 வருஷம்.

நியாயமான தீர்ப்புதான். ஆனால் அதே போரில் அமெரிக்கப் படைகள் சுமார் 300 டன் யுரேனியக் குண்டுகளைப் பயன்படுத்தின. அதற்கு இழப்பீட்டு ஆணையம் எதுவும் அமைக்கப்படவில்லை. வியட்நாமில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்ச் நஞ்சை டா நாங் விமான நிலைய மண்ணிலிருந்து அகற்ற அமெரிக்கா பணம் கொடுத்தது. வேலை முடிந்தது 2018-ல், போர் முடிந்து 43 வருஷம் கழித்து. அதுவும் 'உதவி' என்ற பெயரில்தான், 'இழப்பீடு' என்ற பெயரில் இல்லை. தோற்றவன் பில் கட்டுகிறான், ஜெயித்தவன் விருப்பப்பட்டால் நன்கொடை தருகிறான். இப்போதைய சர்வதேச நடைமுறை இவ்வளவுதான்.

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. போரில் வெடிக்காமல் விட்டுச்சென்றவற்றைப் பற்றி 2003-ல் ஐந்தாம் நெறிமுறை என்ற ஒப்பந்தம் வந்தது. எங்கே எவ்வளவு குண்டு போட்டோம் என்று பதிவு வைத்திருக்க வேண்டும், போர் முடிந்ததும் அந்தத் தகவலைத் தர வேண்டும், அகற்ற உதவ வேண்டும் என்கிறது. இந்தியாவும் இதில் இருக்கிறது. ஆனால் 'முடிந்த அளவுக்கு' என்ற வால் அதில் பல இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று பாசல் உடன்படிக்கை. வெடிக்கும் தன்மையுள்ள கழிவை ஆபத்தான கழிவு என்று அது வரையறுக்கிறது, நாடு விட்டு நாடு அனுப்பக் கட்டுப்பாடு வைக்கிறது. 2004 சரக்கு வந்தபோதும் இந்த உடன்படிக்கை இருந்தது. கப்பல் பேப்பரில் 'பழைய இரும்பு' என்று எழுதினால் அது கண்ணுக்குப் படாது, அவ்வளவுதான் விஷயம்.

வேண்டாம் என்று சொல்ல முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. பிரான்ஸின் விமானந்தாங்கிக் கப்பல் கிளமென்சோ, உள்ளே டன் கணக்கில் ஆஸ்பெஸ்டாஸோடு, உடைப்பதற்காக குஜராத்தின் அலங் நோக்கிக் கிளம்பியது. இங்கே எதிர்ப்பு, உச்ச நீதிமன்றத்தில் வழக்கு, பிரான்ஸிலும் வழக்கு. 2006 பிப்ரவரியில் பிரெஞ்சு அதிபர் ஷிராக் கப்பலைத் திரும்பக் கூப்பிட்டார். கடைசியில் அது இங்கிலாந்தில், முறையான பாதுகாப்போடு உடைக்கப்பட்டது. போர் இயந்திரத்தின் குப்பையை, அதை வைத்திருந்தவர்களே தங்கள் செலவில் தீர்த்துக்கொண்டார்கள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

இப்போது என்ன செய்ய வேண்டும்?

உக்ரைன், காஸா, சிரியா, ஏமன், சூடான். இவற்றில் எங்கே துப்பாக்கிச் சத்தம் நின்றாலும் அடுத்து கிளம்பப்போவது இரும்பு. உக்ரைனில் டாங்கிக் கூடுகள் வயல்களில் கிடக்கின்றன. இந்தச் சரக்கு சந்தைக்கு வரும், விலை குறைவாக இருக்கும், வாங்க ஆள் இருக்கும். 2004-ல் நமக்குத் தெரியாது என்று சொல்லலாம். இனி அப்படிச் சொல்ல முடியாது.

போர் நடந்த நாடுகளிலிருந்தும், அவற்றின் சரக்கு கைமாறும் துறைமுகங்களிலிருந்தும் வரும் பழைய இரும்பை நறுக்கிய நிலையில் மட்டுமே அனுமதிக்க வேண்டும், சான்றிதழ் இருந்தாலும் சரி. பரிசோதனை ஏஜென்சியை வாங்குகிறவர் தேர்ந்தெடுப்பதை நிறுத்தி, அரசே குலுக்கலில் ஒதுக்கலாம். கட்டணத்தை மட்டும் இறக்குமதியாளர் கட்டட்டும். பிடிபட்ட ஆபத்துச் சரக்கை, வழக்கு நடந்தாலும், குடியிருப்புப் பகுதியிலிருந்து நகர்த்த ஒரு கெடு வேண்டும். மணலிக்கு 5 வருஷம் ஆனது. அதை 5 வாரமாக்க முடியாதா?

இவை டெல்லியில் ஆக வேண்டியவை. இங்கேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குப் பெரிய செலவும் இல்லை. வடசென்னையிலும் கும்மிடிப்பூண்டியிலும் உள்ள காயலான் கடைகள், பிரிக்கும் யார்டுகள், குப்பை பொறுக்குபவர்கள் இருக்கும் இடங்களுக்கு மாநகரப் போலீஸின் வெடிகுண்டுப் பிரிவு போய், ஷெல், ஃபியூஸ், கையெறி குண்டு எல்லாம் துருப்பிடித்தால் எப்படி இருக்கும் என்று படம் காட்டிச் சொல்லித்தரலாம். லாவோஸிலும் கம்போடியாவிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கே இதைச் சொல்லித்தருகிறார்கள்.

ஆனால் படம் காட்டினால் மட்டும் போதாது. ஒரு கடைக்காரர் தன் குவியலில் சந்தேகமான ஒன்றைப் பார்த்தால் என்ன செய்வார்? போலீஸுக்குச் சொன்னால் கடையை மூடுவார்கள், 'எங்கேருந்து வாங்கின, பில் எங்கே' என்று ஸ்டேஷனில் உட்காரவைப்பார்கள் என்று பயப்படுவார். பழைய இரும்புத் தொழிலில் இருப்பவரைத் திருட்டுப் பொருள் வாங்குபவராகவே பார்த்துப் பழகிய ஊர் இது. அதனால் சத்தமில்லாமல் அதைக் குப்பையில் போடுவார், இல்லையென்றால் அடுத்த கடைக்குத் தள்ளிவிடுவார். தானாக முன்வந்து தகவல் சொல்பவர் மீது வழக்கு இல்லை என்று சென்னை, ஆவடி காவல் ஆணையர்கள் எழுத்தில் ஒரு சுற்றறிக்கை விட்டால் அந்தப் பயம் பாதி குறையும்.

அதுவரைக்கும், வேலை செய்யும் இடத்திலோ, கடற்கரையிலோ, காலி மனையிலோ துருப்பிடித்த, கூர்முனையோ வாலில் இறகுகளோ உள்ள உலோக உருளை எதையாவது பார்த்தால் தொடாதீர்கள், உதைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், செல்ஃபி எடுக்கப் பக்கத்தில் போகாதீர்கள். வந்த வழியே திரும்பி நடந்து, மற்றவர்களையும் தள்ளிப்போகச் சொல்லி, தூரத்தில் நின்று 112-க்கு போன் செய்யுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.